சிறுவயதில் போன கடைகள் இப்போது இல்லை: நாம் இழந்தது என்ன?

நிழற்குடை எழுதியது:

சென்ற வாரம் ஒரு வேலையாகப் போகும் வழியில், பத்து வயதில் நான் விடுமுறை தவறாமல் போய் நின்ற வணிக வளாகத்தின் முன்னால் வண்டியை நிறுத்த நேர்ந்தது. முன்பக்கம் முழுவதும் தகரம் அடைத்திருந்தார்கள். பக்கவாட்டில் பணம் எடுக்கும் இயந்திரம் ஒன்று மட்டும் இன்னும் இயங்குவதால் அந்த வழி திறந்திருந்தது. பத்தடி உள்ளே நடந்தால் பழைய கூடம் தெரிகிறது. நகரும் படிக்கட்டு நின்றுபோய் வெறும் படிக்கட்டாகக் கிடந்தது. அதன் ரப்பர் கைப்பிடியைத் தொட்டேன், தூசியில் என் ஐந்து விரல்களும் பதிந்தன.

முதல் தளத்தில் பொம்மைக் கடை இருந்த இடத்தை அண்ணாந்து பார்த்தேன். பெயர்ப்பலகையின் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்துப் போயிருக்கிறார்கள். ஆனால் அத்தனை ஆண்டுகள் எழுத்துகள் மறைத்திருந்த இடங்களில் மட்டும் சுவரின் வண்ணம் வெளிறாமல், பூசிய நாளில் இருந்ததைப்போல் அடர்த்தியாக நின்றது. பெயரை எடுத்த பிறகும் பெயரைப் படிக்க முடிந்தது. ஏனென்று தெரியவில்லை, தகரமும் தூசியும் செய்யாததை அந்த எழுத்துத் தடம் எனக்குச் செய்துவிட்டது.

அந்தக் கடையில் நான் வாங்கிய பொருள்களை இரண்டு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். வாங்காமல் நின்று பார்த்த மணிநேரங்களுக்குத்தான் கணக்கில்லை. இன்று என் மகள் கைப்பேசியில் விரலைத் தேய்த்துப் பார்க்கும் பொம்மைகள் அந்தக் கடையில் இருந்தவற்றைவிடப் பல மடங்கு அதிகம் என்பது உண்மை. ஆயினும் அவள் எதன் முன்னாலும் நிற்பதில்லை. இணைய வணிகம் வந்து எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது என்றே எனக்குத் தோன்றுகிறது. உங்கள் நினைவில் இருக்கும் கடை எது, அதில் உண்மையாகவே நீங்கள் எதை இழந்ததாக நினைக்கிறீர்கள் என்பதை விரிவாக எழுதுங்கள்.

ஒலிநாடா எழுதியது:

எனக்கு இசைத்தட்டுக் கடை. வாசலில் கண்ணாடிக் கதவு, உள்ளே இருபுறமும் நெஞ்சளவு உயரத்தில் மரப்பெட்டிகள், அவற்றில் அட்டைகளை ஒவ்வொன்றாக முன்னால் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். அந்தச் சாய்க்கும் ஒலி இன்னும் என் காதில் இருக்கிறது. கடையில் இருந்தவர் நான் எடுத்த ஒலிநாடாவை வாங்கிப் பார்த்து, "இதில் இரண்டாம் பக்கம் மட்டும்தான் தேறும், யோசித்துக்கொள்" என்று சொல்லித் திருப்பித் தந்த நாள் நினைவிருக்கிறது. விற்க உட்கார்ந்தவர் விற்க வேண்டாம் என்று சொன்னதால்தான் அடுத்த ஆறு ஆண்டுகள் நான் வேறு கடைக்குப் போகவில்லை.

டவர் ரெக்கார்ட்ஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1960 இல் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் தொடங்கிய அந்த நிறுவனம் அமெரிக்காவில் 2006 இறுதியில் எல்லாக் கடைகளையும் மூடியது. ஆனால் அதற்கு முன்பே பிரிந்து தனி நிறுவனமாகிவிட்ட ஜப்பானியக் கிளை இன்றும் நடக்கிறது. தோக்கியோவின் சிபுயாவில் பல மாடிக் கடையாகவே நிற்கிறது. ஆகவே இணையம் வந்ததும் கடை சாக வேண்டும் என்பது விதியாக இருக்க முடியாது.

பேரேடு எழுதியது:

ஒலிநாடா சொன்னதை நான் கணக்குப் பக்கத்திலிருந்து வழிமொழிகிறேன். நான் கணக்குத் தணிக்கையில் இருப்பவன். "இணையம் விழுங்கியது" என்பது பாதி உண்மை. அந்தப் பாதியே பலருக்கு வசதியாக இருப்பதால் மறு பாதி பேசப்படுவதில்லை.

பொம்மைக் கடைகளையே எடுத்துக்கொள்வோம். டாய்ஸ் ஆர் அஸ் நிறுவனத்தை 2005 இல் மூன்று முதலீட்டு நிறுவனங்கள் சேர்ந்து சுமார் 660 கோடி டாலருக்கு வாங்கின. அந்தத் தொகையின் பெரும்பகுதி கடன். அந்தக் கடன் வாங்கியவர்களின் தலையில் ஏறாமல், வாங்கப்பட்ட கடையின் பேரேட்டிலேயே ஏற்றப்பட்டது. அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் சுமார் 40 கோடி டாலர் வட்டிக்கும் தவணைக்குமே போனது. கடையைப் புதுப்பிக்கவோ, இணைய விற்பனைக்கு ஆள் போடவோ, ஓர் ஊழியரைக் கூடுதலாக நிறுத்தவோ கையில் காசில்லை. 2017 செப்டம்பரில் திவால் மனு, 2018 நடுவில் அமெரிக்கக் கடைகள் முழுவதும் மூடல். மூடுகிறோம் என்று அறிவித்த அடுத்த வாரமே, 1948 இல் குழந்தைகளுக்கான அறைகலன் கடையாக அதைத் தொடங்கிய சார்லஸ் லாசரஸ் இறந்துபோனார். கூட்டம் இல்லாமல் அந்தக் கடைகள் சாகவில்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன். வட்டி கட்டும் அளவுக்குக் கூட்டம் இல்லாமல் செத்தன.

சியர்ஸ் கதை இதைவிட வேடிக்கையானது. தபாலில் பட்டியல் அனுப்பி, வீடு தேடிச் சரக்கு அனுப்பி வளர்ந்த நிறுவனம் அது. ஏறத்தாழ நூறாண்டு நடத்திய பெரிய பட்டியலை, நட்டம் என்று சொல்லி 1993 இல் நிறுத்தியது. அமேசான் தொடங்கப்பட்டது 1994 இல். வீட்டுக்கே சரக்கு அனுப்பும் தொழிலை உலகில் யாரைவிடவும் நன்றாக அறிந்தவர்கள், அது மீண்டும் தலையெடுக்கப் போகும் ஓராண்டுக்கு முன்னால் அதைக் கைகழுவினார்கள். 2018 அக்டோபரில் அவர்களும் திவால்.

வணிக வளாகங்களின் சாவுக்கு இன்னொரு காரணம் வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கும். ஒரு வளாகத்தில் இரண்டு அல்லது மூன்று பெரிய கடைகள் இருக்கும். கூட்டத்தை இழுப்பவை அவைதான் என்பதால் அவற்றுக்கு வாடகை மிகக் குறைவு. அந்தக் கூட்டத்தை நம்பி வரும் சிறிய கடைகள்தான் சதுர அடிக்கு அதிகம் கொடுக்கும். ஆகவே சிறிய கடைக்காரர்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி கேட்டு வாங்கிக்கொள்வார்கள்: பெரிய கடை போய்விட்டால் எங்கள் வாடகை குறைய வேண்டும், அல்லது நாங்களும் போகலாம். ஒரு பெரிய கடை மூடியதும் வளாகத்தின் வருமானத்தில் ஒரே நேரத்தில் பல இடங்களில் ஓட்டை விழுவது இதனால்தான். நிழற்குடை பார்த்த நின்றுபோன படிக்கட்டு அந்த ஓட்டையின் தொடக்கம். பராமரிப்புச் செலவைக் குறைக்க முதலில் நீரூற்றை நிறுத்துவார்கள், பிறகு படிக்கட்டை, பிறகு பாதி விளக்கை.

நிழற்குடை எழுதியது:

பேரேடு ஐயாவுக்கு நன்றி. என் பொம்மைக் கடையைக் கொன்றது வட்டியா இணையமா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் நீரூற்றைப் பற்றிச் சொன்னீர்களே, அது அப்படியே நடந்தது. கடைசியாக நான் பள்ளிப் பருவத்தில் போனபோது நீரூற்றுத் தொட்டியில் தண்ணீருக்குப் பதில் செடித்தொட்டிகளை வைத்திருந்தார்கள். அழகுக்காக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

முற்றம் எழுதியது:

நான் கட்டடக் கலை பயின்றவள். இந்த வளாகங்களை முதலில் வரைந்தவர் கடைசியில் அவற்றை எப்படிப் பார்த்தார் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை.

விக்டர் க்ரூயன் 1903 இல் வியன்னாவில் பிறந்தவர், யூதர். 1938 இல் நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்ததும் தப்பி அமெரிக்கா போனார். அங்கே நகரின் புறப்பகுதிகளில் மனிதர்கள் காரிலிருந்து வீட்டுக்கும் வீட்டிலிருந்து காருக்குமாக வாழ்வதையும், ஒருவரையொருவர் சந்திக்க ஒரு முற்றம்கூட இல்லாததையும் பார்த்தார். வியன்னாவின் சதுக்கங்களைப்போல ஓர் இடத்தைக் கூரைக்குக் கீழே கட்டிக் கொடுத்துவிட்டால் மனிதர்கள் மீண்டும் காலார நடப்பார்கள் என்று நம்பினார். அந்த நம்பிக்கையில் மினசோட்டா மாநிலத்தில் எடைனா என்னும் இடத்தில் அவர் வரைந்த சவுத்டேல், 1956 அக்டோபரில் திறக்கப்பட்டது. முழுவதும் மூடப்பட்டு, குளிரும் வெப்பமும் கட்டுப்படுத்தப்பட்ட, நடுவில் தோட்டமும் பெரிய பறவைக்கூண்டும் கொண்ட அந்த வளாகத்தைப் பார்த்துத்தான் உலகின் பிற வளாகங்கள் வரையப்பட்டன. நம் எல்லோருடைய சிறுவயது வளாகத்திலும் நடுக்கூடமும் நீரூற்றும் இருந்ததற்கு ஓர் அகதியின் ஊர் ஏக்கம் காரணம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

ஆனால் அவர் வரைந்த முழுத் திட்டத்தில் வளாகத்தைச் சுற்றி வீடுகளும் பள்ளியும் மருத்துவமனையும் பூங்காவும் ஏரியும் இருந்தன. அவற்றில் லாபம் தருவதாகத் தெரிந்த கடைப்பகுதி மட்டும் அவர் நினைத்தபடி எழுந்தது. சுற்றிலும் வாகன நிறுத்தம் பரவியது. போதாக்குறைக்கு, 1954 இல் அமெரிக்க வரிச்சட்டத்தில் ஒரு மாற்றம் வந்தது. புதிய கட்டடத்தின் தேய்மானத்தை முதல் சில ஆண்டுகளிலேயே பெரும்பகுதி கழித்துக்கொள்ளலாம் என்றானது. இருக்கும் கட்டடத்தைப் பழுதுபார்ப்பதைவிடப் புதிதாகக் கட்டி, வரிச்சலுகையை அனுபவித்து, விற்றுவிட்டு அடுத்ததைக் கட்டுவது ஆதாயமாகிவிட்டது. தேவைக்குமேல் வளாகங்கள் முளைத்ததற்கு இதுவும் காரணம். அளவுக்கு மீறிக் கட்டியவை அளவுக்கு வந்தாக வேண்டும் அல்லவா?

உள்ளே நுழைந்தவுடன் எதற்கு வந்தோம் என்பதை மறந்து, திசை தெரியாமல், கண்ட பக்கமெல்லாம் நடக்கத் தொடங்குகிறோமே, அந்த நிலைக்கே இத்துறையில் அவருடைய பெயரை வைத்துவிட்டார்கள். அவர் அதை விரும்பவில்லை. முதுமையில் வியன்னாவுக்குத் திரும்பினார். 1976 இல் அந்த நகரத்தின் விளிம்பிலேயே ஒரு மாபெரும் வளாகம் திறக்கப்பட்டதையும் பார்த்தார். 1978 இல் இலண்டனில் பேசும்போது, இந்த வளாகங்களுக்குத் தகப்பன் என்ற பட்டமே தனக்கு வேண்டாம் என்று வெளிப்படையாக மறுத்துவிட்டார். நிழற்குடை பொம்மைக் கடை முன்னால் அனுபவித்த அந்தத் திகைப்பு, நேரம் போவது தெரியாத அந்த நிலை, யாரோ அளந்து வரைந்த ஒன்று. அதனால் அது பொய்யாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. கோயில் பிராகாரத்தையும் அளந்துதான் வரைகிறார்கள்.

வெளிவாசல் எழுதியது:

இங்கே எல்லோரும் உள்ளே போனவர்களாகவே இருக்கிறீர்கள். நான் வாசலில் நிறுத்தப்பட்டவன்.

பன்னிரண்டு வயதில் செருப்பில்லாமல் நண்பர்களோடு ஒரு வளாகத்துக்குள் போனேன். காவலர் ஒருவர் இரண்டு தளமும் எங்களுக்குப் பின்னாலேயே நடந்தார். பெஞ்சில் உட்கார்ந்ததும் "வாங்குவதென்றால் வாங்குங்கள், இல்லையென்றால் கிளம்புங்கள்" என்றார். முற்றம் அம்மா சதுக்கம் என்கிறார். சதுக்கத்தில் உட்கார யாரும் பற்றுச்சீட்டு கேட்பதில்லை.

இது என் சொந்தக் கசப்பு மட்டும் இல்லை, நீதிமன்றம் வரை போன கேள்வி. 1970களில் கலிபோர்னியாவின் ப்ரூன்யார்ட் என்னும் வளாகத்தில் ஒரு மேசை போட்டுக் கையெழுத்து திரட்டிய பள்ளி மாணவர்களைக் காவலர்கள் வெளியேற்றினார்கள். வழக்கு 1980 இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. மாநிலம் தன்னுடைய அரசியலமைப்பின்படி அப்படிப்பட்ட பேச்சுரிமையைக் கொடுக்க விரும்பினால் கொடுக்கலாம் என்று தீர்ப்பு வந்தது. அதாவது, கொடுத்தால் உண்டு, கொடுக்காவிட்டால் இல்லை. பெரும்பாலான மாநிலங்கள் கொடுக்கவில்லை. பொது இடம் என்று நீங்கள் ஏங்குவது பொது இடமாக என்றைக்கும் இருந்ததில்லை.

எனக்கு அந்தக் கட்டடம் இடிந்ததில் வருத்தம் இல்லை. இருந்தாலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இடித்த அன்று போய்ப் பார்த்தேன். ஏன் போனேன் என்று கேட்டால் பதில் இல்லை.

ஒலிநாடா எழுதியது:

வெளிவாசல், உங்கள் கடைசி இரண்டு வரிகளில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன்.

கல்லாப்பெட்டி எழுதியது:

நீண்ட நாளாக வாசித்துவிட்டுப் போகிறவள், இன்று எழுதுகிறேன். நான் கடைக்காரர் மகள். அப்பா 31 ஆண்டுகள் பொம்மையும் எழுதுபொருளும் விற்றார். வளாகத்தில் இருந்த கடை இல்லை, தெருவோரக் கடை. மூடி ஏழு ஆண்டுகள் ஆகின்றன.

கடையை மூடப் போகிறோம் என்று வாசலில் அட்டை எழுதி வைத்த பிறகு வந்த கூட்டத்தை அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் ஒரு நாளும் நான் பார்த்ததில்லை. கதவைப் படம் எடுத்தார்கள். பெயர்ப்பலகையை விலைக்குக் கேட்டார்கள். நாற்பது வயதுக்காரர் ஒருவர் கீழ்த்தட்டின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கண் கலங்கினார். அப்பா தண்ணீர் கொடுத்து, முக்காலியை இழுத்துப் போட்டு, அவருக்கு ஆறுதல் சொன்னார். கடை யாருடையது, ஆறுதல் யாருக்கு என்று எனக்கு ஒரே ஆத்திரம். அவர் எதையும் வாங்காமல் போனார்.

கடைசி இரண்டு ஆண்டுகளில் கடைக்குள் நடந்ததை எழுதுகிறேன். பெட்டியைக் கையில் எடுப்பார்கள், கைப்பேசியில் படம் பிடிப்பார்கள், அங்கேயே நின்று இணையத்தில் விலை பார்ப்பார்கள், பெட்டியைத் தலைகீழாக வைத்துவிட்டுப் போவார்கள். ஒரு நாள் ஒரு தாய், பலகை விளையாட்டு ஒன்றின் விதிகளை அப்பாவிடம் முக்கால் மணி நேரம் கேட்டுத் தெரிந்துகொண்டார். எத்தனை வயதுக்குப் பொருந்தும், எத்தனை பேர் ஆட வேண்டும், எந்தக் கட்டத்தில் குழந்தைகள் சண்டை போடும் என்பது வரை அப்பா சொன்னார். அந்த அம்மா மனமார நன்றி சொல்லி, இணையத்தில் வாங்கப் போவதாக ஒளிக்காமலே சொல்லிவிட்டுப் போனார். அன்று இரவு கல்லாவை எண்ணும்போது அப்பா, "எல்லாவற்றுக்கும் விலை போட்டேன், சொல்லிக் கொடுப்பதற்கு விலை போடத் தெரியாமல் போய்விட்டது" என்றார்.

கடை எப்படிச் சாகிறது என்பதைப் பேரேடு ஐயா பெரிய எண்களில் சொன்னார். சிறிய கடையில் அது இப்படி இருக்கும். மொத்த வியாபாரி முதலில் 60 நாள் கடனுக்குச் சரக்கு போடுவார். விற்பனை மந்தமானதும் 30 நாள் என்பார். பிறகு பாதிப் பணம் கையில் கேட்பார். அதற்குள் விற்காத சரக்கு தட்டில் தங்கிப் பணத்தைப் பிடித்துக்கொள்ளும். விற்கும் சரக்கை வாங்கக் கையில் பணம் இருக்காது. தட்டுகள் நிறைந்திருக்கும், ஆனால் வருகிறவர் கேட்கும் பொருள் மட்டும் இருக்காது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கடை செழிப்பாகத் தெரியும். காலி இடம் தெரியக் கூடாது என்பதற்காகப் பெட்டிகளைத் தட்டின் விளிம்புக்கு இழுத்து அடுக்குவோம். பின்னால் ஒரு முழம் வெற்றிடம்.

நிழற்குடை "வாங்காமல் நின்று பார்த்த மணிநேரங்கள்" என்று எழுதியிருக்கிறார். அந்த மணிநேரங்களை ஒருவர் உட்காராமல் நின்று உங்களுக்குக் கொடுத்தார். அப்பாவின் கெண்டைக்காலில் நரம்புகள் முடிச்சு முடிச்சாகப் புடைத்திருக்கின்றன. கீழ்த்தட்டு குழந்தைகளின் கண்மட்டம் என்பதால், அங்கே பெற்றோரால் மறுக்க முடியாத விலையில் உள்ளவற்றையே அப்பா வைப்பார். விலை உயர்ந்தவை மேலே, பெரியவர்களின் கண்ணுக்கு. "கேட்டுக் கிடைக்காமல் அழுதுகொண்டே ஒரு பிள்ளை கடையை விட்டுப் போகக் கூடாது" என்பார். அது வியாபாரத் தந்திரமா இரக்கமா என்று கேட்டால் அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

மூடிய பிறகு அப்பா ஏங்கினாரா என்று எல்லோரும் கேட்கிறார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டு வாசலில் உட்கார்ந்து, வெயில் இறங்குவதை முழுவதும் பார்த்துவிட்டு, "இது இத்தனை நேரம் ஆகுமா?" என்று கேட்டார். அவ்வளவுதான். ஏக்கம் வாடிக்கையாளர்களுடையது.

நிழற்குடை எழுதியது:

அம்மா, இதற்கு என்ன பதில் எழுதுவதென்று இரண்டு நாள் யோசித்தேன். முக்காலியில் உட்கார்ந்து கண் கலங்கியவர் நானாகவும் இருந்திருக்கலாம். என் மகளின் கடைசி மூன்று பிறந்தநாள் பரிசுகளும் இணையத்தில் வாங்கியவை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

பேரேடு எழுதியது:

இதே காட்சி பெரிய அளவிலும் நடந்திருக்கிறது. பிரிட்டனில் வூல்வொர்த்ஸ் 1909 முதல் நடந்த பெயர். 2008 நவம்பரில் நொடித்து, 2009 சனவரி முதல் வாரத்துக்குள் 807 கடைகளும் மூடப்பட்டன. சுமார் 27,000 பேருக்கு வேலை போனது. கடைசி வாரங்களில் தட்டுகளையும் கூடைகளையும்கூட விலைக்கு வைத்தார்கள், வரிசையில் நின்று வாங்கிப் போனார்கள். முந்தைய ஆண்டே அந்த வரிசை நின்றிருந்தால் என்று சொல்லத் தோன்றும்; ஆனால் அங்கும் பழைய கடன் பெரிதாக இருந்தது. ஆகவே வாடிக்கையாளர்மீது முழுப் பழியையும் போட்டுவிட வேண்டாம் என்று கல்லாப்பெட்டி அம்மாவிடம் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

கல்லாப்பெட்டி எழுதியது:

முழுப் பழியையும் போடவில்லை ஐயா. பாதியை மட்டும்.

அகராதிப் பித்தன் எழுதியது:

ஏக்கம் யாருடையது என்ற கேள்வி வந்துவிட்டதால் ஒரு சிறு குறுக்கீடு. ஐரோப்பிய மொழிகளில் இந்த உணர்வுக்குப் புழங்கும் "நாஸ்டால்ஜியா" என்ற சொல் ஒரு நோயின் பெயராகப் பிறந்தது. 1688 இல் யோகான்னஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் எழுதிய ஆய்வேட்டில், வெளியூரில் இருப்பவர்கள் ஊர் நினைவால் உடல் நலிவதைக் குறிக்க, வீடு திரும்புதல், வலி என்று பொருள்படும் இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து அதைச் செய்தார். ஊருக்கு அனுப்பிவிட்டால் நோய் தீரும் என்பது அன்றைய வைத்தியம். கடை மூடப்பட்டவர்களுக்கு அந்த வைத்தியம் செல்லாது. திரும்பிப் போக ஊர் இருக்கிறது, கடை இல்லை.

இடத்துக்கும் நினைவுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 1975 இல் காடன், பேட்லி என்னும் உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மூழ்குநர்களுக்குச் சில சொற்பட்டியல்களைத் தண்ணீருக்கு அடியிலும் சிலவற்றைக் கரையிலும் கொடுத்தார்கள். தண்ணீருக்கு அடியில் கற்ற சொற்கள் தண்ணீருக்கு அடியிலும், கரையில் கற்றவை கரையிலும் கூடுதலாக நினைவுக்கு வந்தன. அப்படியானால் கடையை இடிக்கும்போது, அங்கே மட்டுமே நினைவுக்கு வரக்கூடிய சிலவற்றையும் சேர்த்து இடித்துவிடுகிறோம் என்று எனக்குப் படுகிறது.

முற்றம் எழுதியது:

அந்தச் சோதனையை 2021 இல் மீண்டும் செய்து பார்த்தபோது அதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் நிழற்குடை எழுத்துத் தடத்தின் முன்னால் நின்றதற்கு மூழ்குநர்கள் சாட்சி சொல்ல வேண்டியதில்லை.

நிழற்குடை எழுதியது:

கல்லாப்பெட்டி அம்மாவிடம் ஒன்று கேட்க வேண்டும். என் பொம்மைக் கடையில் வாங்கிய மரக்குதிரை அதன் பெட்டியோடு இன்னும் என்னிடம் இருக்கிறது. நேற்று பரணிலிருந்து இறக்கினேன். பெட்டியின் அடியில் விலை ஒட்டிய சிறு சீட்டு. விலைக்குக் கீழே பென்சிலில் பொடியாக "ச ல ம" என்று மூன்று எழுத்துகள். சிறுவயதில் அது குதிரையின் பெயர் என்று உறுதியாக நம்பினேன்; கடைக்காரர்தான் ஒவ்வொரு பொம்மைக்கும் பெயர் வைத்து அனுப்புகிறார் என்று நினைத்து, அதைச் சலமன் என்றே அழைத்தேன். இன்றும் வீட்டில் அதற்கு அதுதான் பெயர். உண்மையில் அது என்ன?

கல்லாப்பெட்டி எழுதியது:

படித்ததும் சிரித்துவிட்டேன், அப்பாவிடமும் வாசித்துக் காட்டினேன். அது அடக்க விலை. கடைக்காரர் அந்தப் பொருளை என்ன விலைக்கு வாங்கினார் என்பது.

பேரம் பேசும் வாடிக்கையாளர் முன்னால் கணக்குப் புத்தகத்தைப் பிரிக்க முடியாது. எவ்வளவு வரை இறங்கலாம் என்பது சீட்டைப் பார்த்தவுடன் தெரிய வேண்டும், வாடிக்கையாளருக்குத் தெரியக் கூடாது. அதற்காக ஒரே எழுத்து இரண்டு முறை வராத பத்து எழுத்துகள் கொண்ட ஒரு சொல்லையோ சொற்றொடரையோ கடைக்காரர் தேர்ந்தெடுப்பார். முதல் எழுத்து 1, இரண்டாவது 2, இப்படியே பத்தாவது எழுத்து சுழியம். ஒரே எண் அடுத்தடுத்து வந்தால் யாரும் ஊகித்துவிடாமல் இருக்க, அதற்கென்று தனியாக ஓர் எழுத்து. உலகம் முழுவதும் சில்லறைக் கடைகளில் இருந்த பழக்கம் இது. கணினியும் பட்டைக் குறியீடும் வந்த பிறகு தேவையில்லாமல் போனது. எங்கள் கடையின் சொல் எனக்குத் தெரியும். இங்கே எழுத மாட்டேன். கடை இல்லாவிட்டாலும் அப்பா இருக்கிறார்.

உங்கள் சலமனின் அடக்க விலையை என்னால் சொல்ல முடியாது. ஒவ்வொரு கடைக்கும் ஒரு சொல், அது கடைக்காரருக்கும் வீட்டாருக்கும் மட்டுமே தெரிந்தது. "ச" என்பது 1 ஆகவும் இருக்கலாம், 4 ஆகவும் இருக்கலாம்.

பேரேடு எழுதியது:

ஊகிக்க வழி இருக்கிறது. அடக்க விலை விற்பனை விலையைத் தாண்டாது என்று வைத்துக்கொண்டால் முதல் எழுத்துக்கு ஓர் உச்சவரம்பு கிடைக்கும். அதே கடையின் வேறு சீட்டுகள் கிடைத்தால் வரம்புகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். பொதுவான எழுத்துகள் எத்தனை கிடைக்கின்றனவோ அத்தனை நல்லது. எத்தனை சீட்டுகள் உங்களிடம் இருக்கின்றன?

வெளிவாசல் எழுதியது:

சொல்லையே நேராகத் தேடலாம். எழுத்து மீண்டும் வராத பத்து எழுத்துச் சொற்றொடர் தமிழில் கட்டுவது எளிதில்லை. ச, ல, ம மூன்றும் அதில் இருக்க வேண்டும். நான் எழுதிப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். இரவு தூக்கம் போயிற்று.

கல்லாப்பெட்டி எழுதியது:

பேரேடு ஐயா, ஒரு திருத்தம். அடக்க விலை விற்பனை விலையைத் தாண்டாது என்று நம்ப வேண்டாம். தேங்கிய சரக்கை நட்டத்துக்கும் கொடுத்திருக்கிறோம். தெரிந்த பிள்ளை பல வாரம் வந்து ஒரே பொருளின் முன்னால் நின்றாலும் கொடுத்திருக்கிறோம்.

நிழற்குடை எழுதியது:

அந்தக் கடைசி வரியைப் படித்ததிலிருந்து எனக்கு அந்த மூன்று எழுத்துகளின் எண் தெரிந்தாக வேண்டும்.

பரணில் இன்னும் இரண்டு பெட்டிகள் கிடைத்தன. ஒன்றில் சீட்டு உரிந்துபோய் "வி" என்னும் ஓர் எழுத்து மட்டும் மிச்சம். மற்றொன்றில் "ம ச ட" என்று தெளிவாக இருக்கிறது. மூன்று பெட்டிகளையும் சேர்த்தால் ஐந்து எழுத்துகள் ஆகின்றன. இன்னும் ஐந்து வேண்டும். தம்பியிடம் அதே கடையின் ரயில்வண்டி ஒன்று இருக்கிறது. பெட்டியின் அடிப்பக்கத்தைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறான்.